கல்லூரி வாயிலைத் திறந்தவர்

கல்வியினால் உயர்ந்தோர் உலகில் பலர். தமக்குக் கிட்டாத கல்வியைப் பிறர்க்குக் கிட்டுமாறு செய்து, அத்தொண்டினால் உயர்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஆங்கில நாட்டில் தோன்றிய ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்னும் பெரியார். அவர் செல்வர் வீட்டில் பிறந்தவரல்லர். பட்டம் பெறக் கல்லூரிக்குச் சென்றவரும் அல்லர். 14 வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். எனினும், செல்வர்தம் மக்களே பெரும்பாலும் பயின்றுவந்த ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தின் வாயில், நெசவாலையிலும் சுரங்கத்திலும் உழைத்த மக்களுக்கும் திறக்குமாறு செய்த பெருமை அவரைச் சாரும். உழைக்கும் மக்கள் கோடை விடுமுறையில் கல்லூரியில் கூடிப் பயிலும் வழக்கம் ஆங்கில நாட்டில் வேரூன்றியமைக்கு அவரது முயற்சி பெரிதும் துணையாயிற்று.

இளமைப் பருவம்

மான்ஸ்பிரிட்ஜ் 1876ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10ஆம் நாள் குளோஸ்டர் என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு தச்சர். பிள்ளைகள் நால்வருள் ஆல்பர்ட் இளையவர். அவருக்கு நான்கு வயது நிரம்பிய காலத்தில் குடும்பம் இலண்டன் மாநகரின் பேட்டர்சீப் பகுதியில் குடியேறியது. தாயார் கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபாடு மிக்கவர். நாள்தோறும் உழைத்து உண்ணும் மக்கள் தம்முள் ஒன்றுகூடினால் தம் வாழ்வைத் தாமே உயர்த்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இளமையிலேயே மைந்தரின் உள்ளத்தில் பதிந்தது.

ஆல்பர்ட் படிப்பில் வல்லவர். உதவிச் சம்பளம் பெற்று உயர்நிலைப் பள்ளியிலும் சேர்ந்தார். ஆயினும் குடும்பத்தின் பொருள்நிலை இடங்கொடுக்கவில்லை. 14 வயதில் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. அவரோடு ஒத்த அறிவினர், ஏன், அவரினும் குறைந்த அறிவினர் பலர், பணம் இருந்தமையால் கல்லூரிக்குச் சென்றனர். அவரோ அலுவலகம் ஒன்றில் சிறு பணியாளாகச் சேர்ந்தார். அந்நாளில் ஆங்கில நாட்டுச் சிறுவர்களுள் மிகப் பலருக்கு நேர்ந்த நிலை அதுவே. இது தம் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று என்பதை அவர் உணர்ந்தார். அவ்வுணர்வே பின்னாளில் அவர் ஆற்றிய தொண்டுக்கு வித்தாயிற்று.

எழுத்தர் வாழ்க்கை

1896ஆம் ஆண்டில் மான்ஸ்பிரிட்ஜ் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தின் தேயிலைப் பிரிவில் எழுத்தரானார். பின்னர்க் கூட்டுறவு வீடுகட்டும் சங்கம் ஒன்றில் காசாளராகப் பணி புரிந்தார். பகலெல்லாம் கணக்கேடுகளோடு இருந்தவர், மாலையில் நூல்களோடு இருந்தார். இலண்டன் மன்னர் கல்லூரியில் நடைபெற்ற மாலைச் சொற்பொழிவுகளை ஆர்வத்தோடு கேட்டார். சார்லஸ் கோர் என்னும் சமயப் பெரியாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. கற்ற பெருமக்கள் உழைக்கும் மக்களுக்குக் கடன்பட்டவர்கள் என்னும் கருத்துடையவர் கோர். அவருடைய நல்லுரைகள் இளைஞர் மான்ஸ்பிரிட்ஜுக்கு ஊக்கமளித்தன.

அக்காலத்தில் பல்கலைக் கழகங்கள் தம் மதிலுக்கு வெளியேயும் கல்வியைப் பரப்ப முயன்றுகொண்டிருந்தன. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழகம் 1873ஆம் ஆண்டு முதல் ஆசிரியர்களைப் பல ஊர்களுக்கும் அனுப்பிச் சொற்பொழிவு ஆற்றச் செய்தது. ஆக்ஸ்போர்டும் அவ்வாறே செய்தது. அமெரிக்காவில் சட்டாக்குவா என்னும் ஏரிக்கரையில் 1874 முதல் கோடைதோறும் மக்கள் கூடித் தங்கிச் சொற்பொழிவு கேட்டு வந்தனர். அதனைக் கண்டு ஆக்ஸ்போர்டிலும் 1888ஆம் ஆண்டில் முதற் கோடைக் கூட்டம் நடத்தப்பெற்றது.

இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால், இவற்றில் ஒரு பெருங் குறையை மான்ஸ்பிரிட்ஜ் கண்டார். சொற்பொழிவு மண்டபங்களில் கூடினோருள் ஓய்வும் பணமும் உடையோரே மிகுதி. ஆலைத் தொழிலாளரைக் காண்பது அரிதாயிருந்தது. நுழைவுக் கட்டணம் அவர்களுக்குச் சுமையாயிற்று. நூற்றுக்கணக்கானோர் கூடிய இடத்தில் ஐயம் வினவவும் வாய்ப்பில்லை. பேச வந்தவர் பேசிவிட்டுச் சென்றார். கேட்க வந்தவர் கேட்டுவிட்டுக் கலைந்தனர். எவ்வெப்பாடம் வேண்டும் என்று தொழிலாளரை எவரும் கேட்டிலர். மருந்து நல்லதாயினும் நோயாளியின் கைக்கு எட்டாவிடின் பயன் யாது?

சங்கத்தின் தோற்றம்

கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தொழிலாளரின் நம்பிக்கையைப் பெற்றவை. பல்கலைக் கழகங்கள் அறிவுச் செல்வத்தைத் தேக்கி வைத்திருப்பவை. இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் குறை நீங்கும் என்று மான்ஸ்பிரிட்ஜ் கருதினார். இக்கருத்தை விளக்கி 1903ஆம் ஆண்டில் ஒரு கல்வி இதழில் கட்டுரைகள் எழுதினார். கட்டுரை எழுதியதோடு அவர் அமைதியடைந்துவிடவில்லை. செயல் வேண்டும் என்று துணிந்தார்.

அவ்வாண்டு ஒரு நாள் அவரும் அவருடைய மனைவியார் பிரான்ஸஸ் அம்மையாரும் தம் இல்லத்திலேயே கூடி ஒரு கழகத்தைத் தோற்றுவித்தனர். உறுப்பினர் அவ்விருவரே! தலைவர் இல்லை, கட்டடம் இல்லை, நிதியும் இல்லை. அம்மையார் வீட்டுச் செலவுக்கென வைத்திருந்த பணத்திலிருந்து இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் எடுத்துக் கொடுத்தார். அச்சிறு தொகையே கழகத்தின் முதல் மூலதனம். மான்ஸ்பிரிட்ஜ் அதன் மதிப்புறு செயலாளரானார். குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துவோர்க்கு அத்தொகையின் அருமை நன்கு விளங்கும். கணவரின் கனவுக்குத் துணைநின்ற அம்மையாரின் பங்கு இவ்வரலாற்றில் சிறிதன்று.

அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆக்ஸ்போர்டில் ஒரு மாநாடு கூடியது. அறிஞர்களும் கூட்டுறவாளர்களும் தொழிற்சங்கத்தாரும் அதில் கலந்துகொண்டு கழகத்துக்கு நல்வாழ்த்துக் கூறினர். அடுத்த ஆண்டு ரெடிங் நகரில் முதற் கிளை தோன்றியது. 1905ஆம் ஆண்டில் கழகம், தொழிலாளர் கல்விக் கழகம் என்னும் பெயரைப் பெற்றது. மான்ஸ்பிரிட்ஜ் நிலையான வருவாய் தந்த காசாளர் வேலையைத் துறந்து, கழகத்தின் முழுநேரச் செயலாளரானார். மனைவியும் இளங் குழந்தையும் உடைய ஒருவர், வளருமோ வாடுமோ என்று தெரியாத ஒரு சிறு கழகத்தை நம்பி வேலையைத் துறப்பது எளிய செயலன்று.

அன்று முதல் அவர் ஓய்வறியார். ஊர் ஊராகச் சென்று பேசினார். ஒரு நாள் ஆயர் ஒருவரின் மாளிகையில் இருப்பார். மறுநாள் சுரங்கத் தொழிலாளரின் சிற்றில்லத்தில் இருப்பார். இரண்டிடத்தும் ஒரே உள்ளத்தோடு ஒரே செய்தியைக் கூறினார். அவர் பேச்சில் சினம் இல்லை, கெஞ்சுதலும் இல்லை, உறுதியே இருந்தது. எவரையும் நண்பராக்கிக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இயற்கையாய் அமைந்திருந்தது.

ஆக்ஸ்போர்டு மாநாடு

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆக்ஸ்போர்டில் மற்றொரு மாநாடு கூடியது. அதில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் கப்பல் கட்டும் தொழில் செய்த மாக்டாவிஷ் என்பவர் எழுந்து பேசினார். செல்வர் வீட்டு வாயிலில் நின்று சிந்தும் பருக்கைகளை இரப்பதற்குத் தாம் வரவில்லை என்றும், பல்கலைக் கழகம் தரவல்ல சிறந்த கல்வி முழுவதும் தொழிலாளர்க்கு உரிமையாய் வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அவையினர் வியந்தனர். தொழிலாளர் கல்வி இரக்கத்தால் ஈயப்படும் கொடையன்று, நாட்டு மக்களின் உரிமை என்னும் உண்மை அன்று பலர் உள்ளத்தில் பதிந்தது.

மாநாட்டின் பயனாக ஒரு குழு அமைக்கப்பெற்றது. பல்கலைக் கழகத்தின் சார்பில் எழுவரும் கழகத்தின் சார்பில் எழுவரும் அதில் இடம்பெற்றனர். பேரறிஞரும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சரிநிகராய் ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்ந்து கல்வித் திட்டம் வகுத்தது அந்நாட்டுக்குப் புதுமை. அக்குழுவின் அறிக்கை 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பயிற்சி வகுப்புகள்

அறிக்கை வெளிவருமுன்பே செயல் தொடங்கிவிட்டது. கூட்டுறவு இயக்கத்தின் தாயகமாகிய ராச்டேல் நகரத்துத் தொழிலாளர், தொடர்ச்சியான உயர்கல்வி வேண்டும் என்று கேட்டனர். முப்பது பேர் இடைவிடாது வந்து, கட்டுரையும் எழுதுவதாக வாக்களித்தால், நாட்டிலேயே சிறந்த ஆசிரியரைத் தேடித் தருவதாக மான்ஸ்பிரிட்ஜ் கூறினார். அவர்கள் வாக்களித்தனர். மட்பாண்டத் தொழிலில் பெயர்பெற்ற லாங்டன் நகரத்தாரும் அவ்வாறே முன்வந்தனர்.

ஆசிரியராக வந்தவர் டானி என்பவர். அவர் அப்பொழுது ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோப் பல்கலைக் கழகத்தில் பணி செய்துகொண்டிருந்தார். பின்னாளில் பொருளாதார வரலாற்றில் உலகப் புகழ் பெற்றார். 1908ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெள்ளிக்கிழமை மாலை லாங்டனிலும், மறுநாள் ராச்டேலிலும் அவர் வகுப்புகளைத் தொடங்கினார்.

இவ்வகுப்புகளின் அமைப்பு எளியது, ஆனால் கடுமையானது. ஒரு வகுப்பில் முப்பது பேருக்கு மேல் இல்லை. ஆண்டுக்கு 24 வாரங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். மூன்று ஆண்டுகள் படிப்பு. முதல் மணியில் ஆசிரியர் பாடஞ் சொல்வார். இரண்டாம் மணியில் மாணவர் வினவுவர், மறுப்பர், தம் பட்டறிவைக் கூறுவர். இரு வாரங்களுக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டும். எப்பாடத்தைப் படிப்பது என்பதை மாணவரே முடிவு செய்தனர். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, ஊதிய உயர்வும் இல்லை. அறிவை அறிவுக்காகவே நாடியோர் மட்டுமே அங்கு வந்தனர்.

அவர்கள் பட்ட இடர்கள் பல. பகலெல்லாம் சூளையிலும் தறியிலும் உழைத்த உடல் மாலையில் உறக்கத்தை நாடும். ஆலையில் மிகைநேர வேலை வந்துவிட்டால் வகுப்புத் தவறும். கட்டுரை எழுதத் தனியறை இராது. குழந்தைகள் உறங்கிய பின்னரே அடுக்களை மேசையில் விளக்கேற்றி எழுதவேண்டும். உழைத்துக் காய்த்த விரல்களுக்குச் சம்மட்டியைவிட எழுதுகோலே கனமாய்த் தோன்றியது. எனினும் அவர்கள் தளர்ந்திலர். லாங்டன் வகுப்பில் பயின்றோர் தாம் கற்றதைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாமல், அண்டையிலுள்ள சுரங்கச் சிற்றூர்களுக்குச் சென்று பிறர்க்குக் கற்பித்தனர்.

தொழிலாளரால் பல்கலைக் கழகத் தரத்துக்கு எழுத இயலுமா என்று ஐயுற்றோர் பலர். அவ்வையத்தைத் தீர்த்தவர் ஆக்ஸ்போர்டிலுள்ள பேலியல் கல்லூரியின் வரலாற்றறிஞர் ஏ. எல். ஸ்மித். பயிற்சி வகுப்புகளில் பயின்ற தொழிலாளரின் கட்டுரைகளை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் நான்கில் ஒரு பங்கு, ஆக்ஸ்போர்டு வரலாற்றுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறிய மாணவரின் கட்டுரைகளுக்கு ஒப்பானவை என்று கூறினார். 1908இல் இரண்டாயிருந்த வகுப்புகள் 1914ஆம் ஆண்டுக்குள் 140க்கு மேற்பட்டன. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் பயின்றனர்.

கோடைக் கல்லூரி

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதுமா? போதாது என்பதை மான்ஸ்பிரிட்ஜ் அறிந்திருந்தார். ஒரு கல்லூரி மாணவர் பாடத்தால் மட்டும் வளர்வதில்லை. நூலகத்தின் அமைதி, ஆசிரியரோடு நெருங்கிய பழக்கம், தோழரோடு நள்ளிரவுவரை நிகழும் உரையாடல் ஆகிய இவையும் அவரை வளர்க்கின்றன. தொழிலாளரோ இவற்றுள் ஒன்றையும் அறியார். மூன்றாண்டு வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர அவர்களால் இயலாது. ஆண்டில் ஒரு வாரமேனும் அவ்வாழ்வை அவர்கள் நுகரல் வேண்டும் என்று அவரும் அவருடைய தோழர்களும் விரும்பினர்.

அதற்கு வழியும் இருந்தது. கோடையில் ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்கு நீண்ட விடுமுறை. கல்லூரிகள் ஆளின்றிக் கிடக்கும். நூலகமும் கூடமும் சோலையும் பயனற்றிருக்கும். அவ்வேளையில் அவற்றைத் தொழிலாளருக்குத் திறந்துவிட்டால் எவருக்கும் இடையூறு இல்லை. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பயிற்சி வகுப்பு மாணவர்க்குரிய கோடை வகுப்பு பேலியல் கல்லூரியில் தொடங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய அப்பழங் கல்லூரியின் வாயிலில் நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் பொறிவினைஞரும் எழுத்தரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் வந்து சேர்ந்தனர். ஆடவரேயன்றிப் பெண்டிரும் இவ்வகுப்புகளில் பயின்றனர்.

அங்கு வருவது அவர்களுக்கு எளிதாயிருந்ததா? இல்லை. அந்நாளில் ஆங்கில நாட்டுத் தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு ஊதியத்தோடு கூடிய விடுமுறை கிடையாது. அதற்குரிய சட்டம் 1938ஆம் ஆண்டில்தான் இயற்றப்பெற்றது. லங்காஷயர் நெசவு நகரங்களில் கோடையில் ஒரு வாரம் ஆலைகள் மூடப்படும். அவ்வாரத்துக்குக் கூலி இல்லை. ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு மக்கள் கடற்கரைக்குச் சென்று களித்து வருவர். ஆண்டில் வரும் அந்த ஒரே ஓய்வைத் துறந்து படிக்கச் செல்வது எத்துணைப் பெரிய ஈகம்! கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சிலருக்குப் பொருளுதவி செய்தன. மற்றையோர் தம் சேமிப்பையே செலவிட்டனர். கணவர் படிக்கச் சென்ற வாரத்தில் வீட்டுச் சுமையைத் தனியே தாங்கிய மனைவியரும் இக்கல்விக்குப் பொருள் தந்தவர்களே ஆவர்.

கோடை வகுப்பின் சிறப்பு அதன் தனிப்பயிற்சியில் இருந்தது. ஆக்ஸ்போர்டின் பழைய வழக்கப்படி, மாணவர் தாம் எழுதிய கட்டுரையை ஆசிரியர் முன்னிலையில் படித்துக் காட்டுவர். ஆசிரியர் குறைகளைச் சுட்டி, வினாக்களை எழுப்பி, மேலும் படிக்கவேண்டிய நூல்களைக் கூறுவர். செல்வர்தம் பிள்ளைகள் பெற்றுவந்த அதே பயிற்சி, அதே அறைகளில், அதே ஆசிரியர்களால் தொழிலாளர்க்கும் கிடைத்தது. காலையில் விரிவுரைகள் நிகழும். மாலையில் சோலை நிழலில் அமர்ந்து நாட்டு நிலையையும் தொழில் நிலையையும் ஆராய்வர். வடக்கே பஞ்சாலையில் உழைப்பவரும், தெற்கே துறைமுகத்தில் உழைப்பவரும் அங்கே முதன்முறையாக ஒருவரையொருவர் கண்டனர். தம் ஊருக்கே உரியது என்று எண்ணிய துன்பம் பிற ஊர்களிலும் இருப்பதை அறிந்தனர். அதற்குரிய காரணத்தை வரலாற்றில் தேடினர்.

பயன் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர்களும் கற்றனர். கூலி, விலை, வேலையின்மை ஆகியவற்றை நூல்களில் மட்டும் படித்திருந்த அறிஞர்கள், அவற்றை நாள்தோறும் நுகர்ந்த மக்களின் வாய்மொழியாகக் கேட்டனர். தம் நூலறிவில் இருந்த ஓட்டைகளைக் கண்டனர். மான்ஸ்பிரிட்ஜ் எதிர்நோக்கியதும் அதுவே. பல்கலைக் கழகம் தொழிலாளரை உயர்த்துவதுபோலவே தொழிலாளரும் பல்கலைக் கழகத்தை உயர்த்துவர் என்பது அவர் கொள்கை.

வாரம் முடிந்ததும் அவர்கள் மீண்டும் தம் ஊருக்குத் திரும்பினர். திங்கட்கிழமை காலையில் ஆலைச் சங்கு ஊதியபோது தறியின் முன் நின்றனர். தொழில் மாறவில்லை, கூலி மாறவில்லை. ஆயின் அவர்கள் உள்ளம் மாறியிருந்தது. இதனையடுத்து வேல்ஸ் நாட்டின் பாங்கர் முதலிய வேறிடங்களிலும் கோடை வகுப்புகள் தோன்றின.

எதிர்ப்பும் விடையும்

நல்ல செயலுக்கும் எதிர்ப்பு உண்டு. மான்ஸ்பிரிட்ஜை இரு சாரார் எதிர்த்தனர். தொழிலாளர்க்கு உயர்கல்வி எதற்கு, அதனால் வேலை கெடும் என்றனர் சிலர். தொழிலாளருள்ளேயே வேறு சிலர், ஆக்ஸ்போர்டின் அழகில் மயங்கித் தொழிலாளர் தம் இனத்தை மறந்து செல்வர் பக்கம் சாய்ந்துவிடுவர் என்று அஞ்சினர். தொழிலாளர் கல்வியைத் தொழிலாளரே நடத்தவேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர்.

இரண்டாவது எதிர்ப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருவன் கற்றபின் தன் மக்களைவிட்டு விலகிச் செல்வது எங்கும் காணப்படுவதே. மான்ஸ்பிரிட்ஜ் இதனை அறிந்தவர். அதனாலேயே அவர் பட்டத்தையோ பதவியையோ கல்வியின் குறிக்கோளாக வைக்கவில்லை. ஏணி ஒருவனை மட்டும் மேலே ஏற்றும். மற்றவர் கீழேயே நிற்பர். சாலையோ ஊரார் அனைவரையும் ஒருங்கே அழைத்துச் செல்லும். கழகம் 1908ஆம் ஆண்டில் தொடங்கிய இதழுக்கு நெடுஞ்சாலை என்று பொருள்படும் பெயரையே இட்டது. ஆசிரியர் இன்ன கட்சியைச் சார்ந்து பேசவேண்டும் என்னும் கட்டளை அங்கு இல்லை. எக்கருத்தையும் எவரும் மறுக்கலாம். உண்மையைத் தேடுவோர்க்கு அச்சம் வேண்டா என்பது அவர் விடை. எனினும் இவ்வாதம் அவர் காலத்தில் முடிந்துவிடவில்லை. நெடுநாள் தொடர்ந்தது.

சோதனையும் தொண்டும்

1912ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகம் மான்ஸ்பிரிட்ஜுக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 14 வயதில் படிப்பை இழந்தவரை, அந்நாட்டின் பழம்பெரும் பல்கலைக் கழகம் தன்னைச் சேர்ந்தவராக ஏற்றுக்கொண்டது. 1913ஆம் ஆண்டில் அவரும் அம்மையாரும் ஆஸ்திரேலியா சென்றனர். அங்கும் தொழிலாளர் கல்விக் கழகங்கள் தோன்றின.

புகழ் ஓங்கிய வேளையில் பேரிடர் வந்தது. 1914ஆம் ஆண்டில் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் கொடிய காய்ச்சல் அவரைப் பற்றியது. உயிர் பிழைப்பதே அரிதாயிற்று. அம்மையாரின் பேணுதலாலும் மருத்துவர் முயற்சியாலும் அவர் பிழைத்தார். ஆயினும் பழைய வலிமை திரும்பவில்லை. தாம் பெற்று வளர்த்த கழகத்தின் செயலாளர் பதவியை 1915ஆம் ஆண்டில் விட்டுவிட நேர்ந்தது. அடுத்துச் செயலாளராக வந்தவர், ஆக்ஸ்போர்டு மாநாட்டில் உரிமைக் குரல் எழுப்பிய மாக்டாவிஷ் ஆவார். தலைவர் பதவியில் அந்நாளில் இருந்தவர் வில்லியம் டெம்பிள். அவர் பின்னாளில் ஆங்கிலத் திருச்சபையின் தலைமைப் பேராயரானார்.

வேறொருவராயின் மனமுடைந்து ஒதுங்கியிருப்பர். மான்ஸ்பிரிட்ஜ் வேறு வழிகளில் தொண்டைத் தொடர்ந்தார். பயிற்சி வகுப்பு மாணவர் நூலின்றி வருந்தியதை அவர் அறிவார். அவர்களுக்கு நூல்களை இரவலாக அனுப்ப, 1916ஆம் ஆண்டில் மாணவர் மைய நூலகத்தைத் தோற்றுவித்தார். அது பின்னர்த் தேசிய மைய நூலகமாக வளர்ந்து, 1973ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது. 1918ஆம் ஆண்டில் முதியோர் கல்விக்கென உலகக் கழகம் ஒன்றை அமைத்தார். நிலத்தில் வாழ்வோர்க்கு வகுப்பு உண்டு; கடலில் பல திங்கள் வாழும் மாலுமிக்கு யாது உண்டு என்று எண்ணினார். 1919ஆம் ஆண்டில் கடலோடிகள் கல்வித் தொண்டு என்னும் அமைப்பைத் தொடங்கிக் கப்பல்களுக்கு நூற்பேழைகள் செல்ல வழிசெய்தார்.

அதே 1919ஆம் ஆண்டில், ஏ. எல். ஸ்மித் தலைமையில் அரசு அமைத்த முதியோர் கல்விக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மான்ஸ்பிரிட்ஜும் அக்குழுவின் உறுப்பினர். முதியோர் கல்வி ஒரு சிலர்க்குரிய ஆடம்பரமன்று, நாட்டுக்கு என்றும் இன்றியமையாதது என்று அவ்வறிக்கை வற்புறுத்தியது. இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸில் தொடங்கிய கருத்து, அரசாங்க அறிக்கையின் கருத்தாக வளர்ந்துவிட்டது.

கோடைக் கல்வி பிற நாடுகளிலும் பரவியது. அமெரிக்காவில் பிரின் மார் என்னும் மகளிர் கல்லூரி, 1921 முதல் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கோடைப் பள்ளியை நடத்தியது. தையல் ஆலையிலும் நெசவாலையிலும் உழைத்த பெண்கள் எட்டு வாரங்கள் அங்கே தங்கிப் பயின்றனர். 1929ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் முதியோர் கல்விக்கான உலக மாநாடு கூடியபோது, பல நாட்டு அறிஞர்கள் அதில் கலந்துகொண்டனர்.

நிலைத்த புகழ்

1931ஆம் ஆண்டில் ஆங்கில அரசு மான்ஸ்பிரிட்ஜுக்கு உயரிய விருது ஒன்றை அளித்தது. முதுமையிலும் அவர் எழுதினார், பேசினார், இளைஞரை ஊக்கினார். 1952ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், தம் 76ஆம் வயதில் டார்க்கி என்னும் ஊரில் மறைந்தார். அவர் தொடங்கிய தொழிலாளர் கல்விக் கழகம் நூற்றாண்டைக் கடந்து இன்றும் நடைபெற்று வருகிறது.

மான்ஸ்பிரிட்ஜ் பெருநூல் இயற்றிப் புகழ் பெற்றவரல்லர். படை நடத்தி வென்றவரும் அல்லர். மூடிய கதவு ஒன்றின்முன் இளமையில் நின்றார். தாம் ஒருவர் மட்டும் உள்ளே நுழைய வழி தேடவில்லை. தம்மைப்போல் வெளியே நின்ற ஆயிரக்கணக்கானோரையும் உடன் சேர்த்துக்கொண்டு அக்கதவைத் தட்டினார். கல்வி கற்கும் வாய்ப்பு உடையோர், அவ்வாய்ப்பு இல்லாமையால் எத்தனை பேர் ஓய்வையும் ஊதியத்தையும் துறந்து அதனைத் தேடினர் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பள்ளியில் கழியும் ஒவ்வொரு நாளும் அந்நெசவாளர் ஆண்டெல்லாம் காத்திருந்து பெற்ற கோடை நாளுக்கு ஒப்பானதே. அதன் அருமை அறிந்து கற்போரும், கற்றதைப் பிறர்க்கு வழங்குவோரும் மான்ஸ்பிரிட்ஜ் வகுத்த நெடுஞ்சாலையில் நடப்போரே ஆவர்.